பாரமில்லாப் பலகைக்குப் பலமான கட்டு

வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் கிழக்கிலங்கையின் தெருக்களிலே ஒரு தனிக் காட்சி தோன்றும். கொழும்பிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் பொத்துவிலை நோக்கி வரும் கார்களின் முதுகிலே, மீன்போல் நீண்டு இரு நுனியும் ஒடுங்கிய வெண்ணிறப் பலகைகள் படுத்திருக்கக் காணலாம். அறுகம்குடாவை அடைந்துவிட்டாலோ, அங்குள்ள முச்சக்கர வண்டிகளுங்கூடத் தம் கூரையிலே இரும்புச் சட்டம் பூட்டி இப்பலகைகளைச் சுமந்து திரியும். இவையே அலைச்சறுக்குப் பலகைகள். கரையை நோக்கி உருண்டுவரும் அலையின் சரிவிலே இவற்றின்மீது எழுந்து நின்று சறுக்கி வருவதே அலைச்சறுக்கு விளையாட்டு.

உலகின் பல பாகங்களிலிருந்தும் இவ்விளையாட்டினர் அறுகம்குடாவுக்கு வருகின்றனர். 2019 ஆம் ஆண்டிலே சர்வதேசப் போட்டியொன்றும் அங்கே நடந்தேறியது. 2021 இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கிலே இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றபின், எம் நாட்டு இளைஞரும் யுவதிகளும் இதில் ஈடுபாடு கொள்வது வியப்பன்று. கிழக்குக் கரையின் பருவம் ஐப்பசியோடு ஓய, தெற்கே வெலிகம, ஹிக்கடுவ முதலிய இடங்களிலே பருவம் தொடங்கும். ஆகவே இப்பலகைகள் ஆண்டுக்கு இருமுறை இலங்கையைக் குறுக்கறுத்துப் பிரயாணஞ் செய்கின்றன. கொழும்பிலிருந்து அறுகம்குடாவுக்கு ஏறக்குறைய 320 கிலோமீற்றர். அத்துணைத் தூரமும் பலகையைக் காரின் கூரையோடு பிணைத்திருப்பவை இரண்டு பட்டிகளே.

அலையிலே பலகையைச் செலுத்தக் கற்பிப்போர் பலருளர். அதனைக் காரிலே ஏற்றக் கற்பிப்போர் சிலரே. “மூன்று கிலோப் பலகைதானே! ஒரு கயிற்றைச் சுற்றிவிட்டாற் போதாதா?” என்பதே பலருடைய எண்ணம். இவ்வெண்ணமே ஆபத்துக்கு வித்து. பாரமான பொருள் தன் பாரத்தாலேயே கிடந்த இடத்திற் கிடக்கும். பாரமற்றதும் தட்டையானதுமான பொருளையோ கட்டு ஒன்றுதான் காக்க வேண்டும். ஆதலால் ஒரு பொருள் எத்துணை இலேசானதோ, அத்துணை உறுதியாக அதனைக் கட்டுதல் வேண்டும். கேட்பதற்கு முரண்போலத் தோன்றும் இவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரம் நுரையான வரலாறு

இவ்விளையாட்டின் தாயகம் பசுபிக் சமுத்திரத்துத் தீவுகள், சிறப்பாக ஹவாய்த் தீவுகள். கப்டன் குக்கின் கப்பல்கள் அங்கே தங்கியிருந்த 1779 ஆம் ஆண்டிலே, அவருடைய அதிகாரிகளுள் ஒருவரான ஜேம்ஸ் கிங் அத்தீவு மக்கள் பலகைமீது அலையேறும் வித்தையைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். அக்காலத்துப் பலகைகள் தனி மரத்திற் செதுக்கப்பட்டவை. ஹொனலூலு நகரத்துப் பிஷப் நூதனசாலையிலே, பாக்கி என்னும் ஹவாய்த் தலைவருக்குரியனவாயிருந்த பலகைகள் வைக்கப்பட்டுள்ளன. அவை ஏறத்தாழ 16 அடி நீளமும் 150 இறாத்தல் நிறையும் உடையவை. அவற்றைக் காற்று அசைக்குமா? மனிதர் தூக்குவதே அரிது!

1920களின் இறுதியிலே அமெரிக்கரான தொம் பிளேக் என்பவர் உள்ளே வெறுமையான பலகையைச் செய்து நிறையைக் குறைத்தார். பலகையின் அடியிலே மீனின் செட்டைபோன்ற ஒரு சிறு தகட்டைப் பொருத்தித் திசை தவறாமற் செல்லும் வழியை 1935 இல் கண்டவரும் அவரே. 1950களின் இறுதியிலே கலிபோர்னியாவில் ஹோபி ஆல்ற்றர், கோர்டன் கிளார்க் ஆகிய இருவரும் மரத்தை நீக்கிப் பொலியூரேதேன் நுரையாற் பலகை செய்வதை ஒரு கைத்தொழிலாக்கினர். இன்றைய பலகை என்பது நுரைக்கட்டி. அதன்மேல் கண்ணாடி நார்த் துணி. அதனை இறுகச் செய்யும் பிசின். ஆறடிப் பலகையொன்றின் நிறை மூன்று கிலோ அளவே. ஒன்பதடி நீண்ட பலகையுங்கூட ஏழெட்டுக் கிலோவைப் பெரும்பாலும் தாண்டுவதில்லை.

இந்த இலேசுத் தன்மையே பலகையைக் காரின் கூரைக்கு ஏற்றியது. அதே இலேசுத் தன்மைதான் காற்றுக்கும் அதனைக் கூரையிலிருந்து கவர்ந்துகொள்ள இடங்கொடுத்தது.

கூரைமேல் ஒரு பட்டம்

தை மாதத்திலே வல்வெட்டித்துறைக் கடற்கரையில் வானளாவப் பறக்கும் பட்டங்களைக் கண்டிருக்கிறீர்களல்லவா? பெரிய பட்டமொன்றைப் பிடித்துநிறுத்தப் பல ஆடவர் ஒன்றாக நின்று கயிற்றை இழுப்பதுண்டு. அப்பட்டத்தின் நிறை என்ன? மூங்கிலும் தாளும் சேர்ந்த சில கிலோ. அதனை ஏந்தும் காற்றின் விசையோ அந்நிறையினும் பன்மடங்கு பெரிது. காரின் கூரையிலே கட்டிய பலகையும் ஒரு பட்டமே. பட்டத்தை நோக்கிக் காற்று வருகிறது; இங்கே காற்றை நோக்கிப் பட்டம் செல்கிறது. வேறுபாடு அவ்வளவே.

பௌதிகம் பயிலும் மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். ஓடும் பொருளின்மீது காற்று உண்டாக்கும் அமுக்கம், காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி இரண்டாற் பிரித்தால் வருவது. காற்றின் அடர்த்தியைக் கனமீற்றருக்கு 1.2 கிலோ என்று கொண்டால், காற்றுக்கு நேரெதிராக நிற்கும் ஒரு சதுர மீற்றர்ப் பரப்பின்மீது விழும் விசை, மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திலே ஏறத்தாழ ஏழரைக் கிலோ நிறைக்கு ஒப்பாகும். 60 கிலோமீற்றரில் அது 17 கிலோ. 80 இல் 30 கிலோ. 100 இல் 47 கிலோ. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காவதைக் காண்க.

ஆறடிப் பலகையின் பரப்பு ஏறக்குறைய முக்காற் சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைவு. மேற்சொன்ன விசையிற் பாதியே அதனை மேல்நோக்கித் தூக்குகிறது என்று வைத்துக்கொண்டாலும், 100 கிலோமீற்றர் வேகத்திலே 15 கிலோ நிறைக்கு ஒப்பான விசை மூன்று கிலோப் பலகையை மேலே இழுக்கும். அதாவது பலகையின் நிறையைப்போல் ஐந்து மடங்கு. தெற்கு அதிவேகப் பாதையிலே காருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் அந்த 100 கிலோமீற்றரேயாகும்.

இன்னுமொன்று. இங்கே வேகம் என்றது காற்றோடு ஒப்பிட்ட வேகத்தையே. அறுகம்குடாவிலிருந்து திரும்பும் கார், பொத்துவிலைக் கடந்து லகுகல, சியம்பலாண்டுவ வழியே மேற்கு நோக்கிச் செல்கையில் மேல்திசைக் கச்சானை முகத்தில் ஏற்றுச் செல்கிறது. காரின் வேகம் 80. எதிர்க்காற்றின் வேகம் 30 என்று கொள்வோம். பலகை உணர்வது 110. வேகமானி காட்டுவது 80 மட்டுமே! இவ்விரண்டுக்கும் இடையே விசை ஏறத்தாழ இருமடங்காகிவிடுகிறது. எதிரே விரைந்து வரும் பாரவண்டியொன்று கடக்கும்போது எழும் திடீர்க் காற்றும் இவ்வாறே பலகையை உலுக்கும்.

தாங்கியே முதலில்

பலகையைக் கட்டுமுன் அதனைத் தாங்கும் பொருளை நோக்குவோம். பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களின் கூரையோரத்திலே மழைநீர் வடியும் பீலியொன்று இருக்கும். அதனைப் பற்றித் தாங்கியைப் பூட்டுவது எளிது. இக்காலக் கார்களிற் பெரும்பாலானவற்றுக்கு அப்பீலி இல்லை. ஆகவே கதவின் சட்டத்தையோ கூரையிலுள்ள நெடுந்தண்டுகளையோ பற்றும் குறுக்குச் சட்டங்களை வாங்கிப் பூட்டுகின்றனர். சட்டம் அந்தக் காருக்கென அமைந்ததாயிருத்தல் அவசியம். பலகை சட்டத்தோடு இறுகியிருந்தும் சட்டமே காரைவிட்டுக் கழன்று, பலகையையும் உடன்கொண்டு பறந்துவிடக் கூடும். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே. ஆதலால் ஒவ்வொரு பிரயாணத்துக்கும் முன்னர்ச் சட்டத்தின் திருகாணிகளைக் கையாற் சோதித்தல் நன்று.

சட்டமில்லாக் காருக்குப் பஞ்சுத் திண்டுகளும் நீண்ட பட்டிகளும் கொண்ட மெத்தென்ற தாங்கியுமுண்டு. திண்டைக் கூரைமேல் வைத்து, பட்டியைக் காரின் உட்புறமாகச் சுற்றிக் கொணர்ந்து பூட்டுவர். இதிலே கவனிக்க வேண்டியவை இரண்டு. பட்டியைக் கதவைத் திறந்து அதன் வாயில் வழியே கொண்டுசெல்ல வேண்டும். யன்னல் வழியே கொண்டுசென்றாற் பின்பு கதவைத் திறக்கவியலாது. மழை பெய்தால் நீர் பட்டிவழியே ஊறி உள்ளிருப்போர் மடியிற் சொட்டும். குறுகிய தூரத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் இது போதும். அதிவேகப் பாதைக்கு இரும்புச் சட்டமே தக்கது.

இரு சட்டங்களுக்கும் இடையே எத்துணை இடைவெளி விடலாமோ அத்துணையும் விடுக. காரணம், எங்கள் ஊர்த் துலாவை அறிந்தோருக்குச் சொல்லாமலே விளங்கும். துலாவின் நீண்ட கை சிறு முயற்சிக்கும் பெருவிசை தருவதன்றோ? முன்சட்டத்துக்கு அப்பால் நீண்டு நிற்கும் பலகையின் நுனியும் அத்தகைய நெம்பே. நுனியை உந்தும் சிறு காற்றும் சட்டத்தினருகே பட்டியைப் பெருவிசையோடு இழுக்கும். சட்டங்கள் அகன்றிருந்தால் நெம்பின் கை குறுகும். பட்டியின் சுமையும் குறையும்.

கூரை எவ்வளவு பாரந் தாங்கும் என்பது காரின் கைந்நூலிலே குறிக்கப்பட்டிருக்கும். சிறு கார்களிலே பெரும்பாலும் 50 முதல் 75 கிலோ வரையே. பலகைகள் அவ்வளவு பாரமல்ல எனினும், சட்டத்தின் நிறையும் அதில் அடங்கும் என்பதை மறவாதீர்கள்.

எப்புறம் மேலே? எம்முனை முன்னே?

அலைச்சறுக்குப் பலகை முற்றும் நேரானதன்று. வள்ளத்தின் அணியம்போல் அதன் முன்நுனி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். நீரிலே அலையிற் குத்தாதிருக்க உதவும் இவ்வளைவு, கூரையிலே பகையாக மாறும். காரின் முன்கண்ணாடியில் மோதும் காற்று அங்கிருந்து மேல்நோக்கித் திரும்பிப் பாய்கிறது. பலகையை நீரிற் கிடப்பதுபோலவே, மிதிக்கும் முகம் மேலாகவும் நுனி முன்னாகவும் வைத்தால், அப்பாய்ச்சல் வளைந்த நுனியின் அடியிற் புகுந்து அதனை நிமிர்த்தும். பட்டத்துக்கு முச்சை கட்டுவோர் அதனைக் காற்றுக்குச் சரித்துக் கட்டுவது ஏனோ, அதே காரணத்தால் இங்கே பலகை மேலெழ முயலும். இஃது ஒன்றே அறவே தவிர்க்க வேண்டிய வைப்பு.

ஆகவே பலகையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மிதிக்கும் முகம் கீழேயும் வழுவழுப்பான வயிறு மேலேயும் இருக்கட்டும். செட்டைகளைக் கழற்றக்கூடிய பலகையாயின் கழற்றிப் பையிலிட்டுவிட்டு, நுனியை முன்னாக வைக்கலாம். கவிழ்ந்த பலகையின் நுனி கீழ்நோக்கி வளைந்திருப்பதாற் காற்று அதனைக் கீழே அழுத்தும். செட்டைகள் நிலையாகப் பொருத்தப்பட்டிருப்பின், வாற்புறத்தை முன்னாக வைத்து, செட்டைகள் மேல்நோக்கி முன்சட்டத்துக்கு முன்னே நிற்கும்படி செய்க. காற்று பலகையைப் பின்னே தள்ளும்போது செட்டை பட்டியிலே தட்டி நிற்கும். கட்டுத் தளர்ந்தாலும் பலகை வழுகிப்போகாமற் காக்கும் தடை அது.

பல பலகைகளாயின் நீளமானதை அடியிலும் குறுகியதை மேலிலும் அடுக்குக. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே துணியோ பஞ்சுத் திண்டோ இருத்தல் வேண்டும். ஓர் அடுக்கிலே மூன்றுக்கு மேல் வையாதீர்கள். அதற்கு மேற்பட்டால் இரண்டு அடுக்குகளாக அருகருகே பிரித்துக் கட்டுவதே முறை. கால்வாரைக் கழற்றிக் காரினுள்ளே வைத்துவிட வேண்டும். காற்றிலே தொங்கியாடும் வார் காரின் வர்ணத்தைச் சுரண்டும். சிலவேளை சில்லிலும் சிக்கும்.

கட்டும் முறை

கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலேயருக்கு அளித்தது எங்கள் மொழி. மரங்களைக் கயிற்றாற் கட்டிக் கடலோடியவர் வழிவந்தோர்க்குக் கட்டின் அருமையைக் கூற வேண்டியதில்லை. எனினும் பலகைக்கேற்ற கட்டு எதுவெனச் சிறிது ஆராய்வோம்.

இறப்பர்ப் பட்டியும் கொளுக்கி வைத்த இழுபடு கயிறும் ஒருபோதும் உதவா. சைக்கிளின் பின்னே புத்தகங்களைக் கட்டுவதற்கு அவை தகும். பலகையைக் காற்றுத் தூக்கும்போது அவையும் உடன் நீண்டுகொடுக்கும். நீளநீளக் காற்றுப் புகும் இடமும் அகலும். நைலோன் கயிறு ஈரத்திலே சற்று நீளும் இயல்பினது. ஆதலின் வீட்டிலே இறுக்கிய கட்டு மழையிலே தளர்ந்துவிடக் கூடும். தவிரவும் மெல்லிய கயிறு பலகையின் விளிம்பிலே வெட்டிப் பதியும். ஓரங்குல அகலமுள்ள தட்டையான பொலியெஸ்ரர்ப் பட்டியும், இழுத்தபின் தானே பற்றிக்கொள்ளும் பல்வைத்த பூட்டுமே இதற்கு உரியன.

பாரவண்டிக்காரர் பயன்படுத்தும், கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டியும் கடைகளிலே கிடைக்கும். அஃது இயந்திரங்களையும் இரும்பையும் கட்டுவதற்கானது. அதன் இறுக்கத்திலே நுரைப்பலகையின் ஓடு வெடித்துவிடும். வெடிப்பினூடே உப்புநீர் புகுந்தாற் பலகை பாழ். கட்டுத் தளர்ந்தாற் பலகை பறக்கும். மிகுந்தாற் பலகை நொருங்கும். கையால் இழுக்கக்கூடிய அளவே சரியான அளவு.

முதற் கோணல் முற்றுங் கோணல் என்பர். ஆகவே நிதானமாகத் தொடங்குக. சட்டத்திலும் திண்டிலும் மணலிருந்தாற் துடைத்துவிடுக. பலகையைக் காரின் நடுக்கோட்டுக்கு இணையாக வைக்க. பட்டியின் ஒரு முனையைச் சட்டத்தின் அடியாற் கொடுத்து, பலகையின் மேலே கொண்டுசென்று, மறுபுறத்திலும் சட்டத்தின் அடியால் வாங்கி, திரும்பக் கொணர்ந்து பூட்டிலிட்டு இழுக்க. பட்டி சட்டத்தின் வெளிநுனியால் நழுவிப்போக வழியிருத்தலாகாது. இரும்புப் பூட்டு பலகையிலோ கண்ணாடியிலோ படாதபடி நிற்க வேண்டும். பட்டியை மறுபுறத்துக்கு வீசும்போது பூட்டுள்ள முனையைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் முனையையே வீசுக. யன்னல் உடைவதற்குப் பறந்துவரும் ஒரு பூட்டே போதும்.

முன்சட்டத்துக்கு ஒன்று, பின்சட்டத்துக்கு ஒன்று என இரு பட்டிகள் இருந்தே தீர வேண்டும். ஒரு பட்டி அறுந்தால் மற்றது பிடிக்கும் என்பது மட்டுமன்று. ஒரே பட்டியிற் கட்டிய பலகை திசைகாட்டியின் ஊசிபோற் சுழலவும் கூடும். ஒன்பதடிக்கு மேற்பட்ட பலகையாயின் நுனியிலிருந்து காரின் முன்புறத்துக்கும், வாலிலிருந்து பின்புறத்துக்கும் மெல்லிய கயிறொன்று கட்டிவிடுதல் நலம்.

பட்டியின் மிகுதி முனைகளை முடிந்து கதவினுள்ளே இட்டுவிடுக. பின்பு பலகையின் நுனியைப் பற்றிப் பக்கவாட்டிலே அசைத்துப் பாருங்கள். பலகை மட்டும் அசைந்தாற் கட்டுப் போதாது. பலகையோடு காரும் சேர்ந்து அசைந்தாற் கட்டுச் சரி. இதனிலும் எளிய பரீட்சை வேறில்லை.

விண் கூவும் பட்டி

பிரயாணம் தொடங்கிச் சிறிது நேரத்திலே கூரையிலிருந்து “ஊ...ம்” என்றொரு பேரொலி எழுவதுண்டு. குழந்தைகள் அஞ்சுவர், பெரியோர் இயந்திரத்திலே ஏதோ பழுது என்று கலங்குவர். பட்டம் விடுவோரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். பட்டத்தின்மேல் வில்லிற் பூட்டிய விண் காற்றிலே கூவுவதுபோல, இறுக்கிக் கட்டிய தட்டைப் பட்டியும் காற்றிலே அதிர்ந்து கூவுகின்றது. பட்டத்திலே அவ்வொலி இனிது. கூரையிலே அது பட்டியைத் தேய்த்துப் பூட்டையும் மெல்ல மெல்லத் தளர்த்தும். இதற்குப் பரிகாரம் மிக எளிது. பூட்டுமுன் பட்டியை ஒருமுறை முறுக்கிவிடுங்கள். முறுக்கிய பட்டியிலே காற்று எங்கும் ஒரேவிதமாய்ப் படாமையால் அது ஒத்து அதிர்வதில்லை. ஒலியும் அடங்கிவிடும்.

வழியிலே

கட்டிவிட்டோம் என்று கவலையை விட்டுவிடலாகாது. திண்டுகள் சுமையால் அமுங்கி, பட்டிகள் தம் இடத்திலே படிய, முதற் பத்து நிமிடத்திலேயே கட்டுச் சற்றுத் தளர்வது இயல்பு. ஆகவே புறப்பட்டுப் பத்து நிமிடத்தில் ஒருமுறை நிறுத்தி, இறங்கி, இழுத்துப் பாருங்கள். தேநீருக்கு நிறுத்தும் ஒவ்வோரிடத்திலும், பெருமழைக்குப் பின்னும் அவ்வாறே செய்க. இதனைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். வெயில் வேளையிலே தெருவோரத்தில் ஓடிவரும் காரின் நிழலைப் பார்த்து, பலகையின் நுனி துள்ளுகிறதா என்று சொல்லும் வேலை அவர்களுக்கு மிக உவப்பானது.

வெயிலும் ஒரு பகையே. வழுக்காதிருக்கப் பலகையிற் பூசும் மெழுகு நண்பகல் வெப்பத்திலே உருகிச் சட்டத்திலும் காரிலும் வடியும். மூடிய காரினுள்ளே நெடுநேரம் கிடந்தால் நுரையிலுள்ள வாயு விரிந்து, மேலோடு கொப்புளித்து நுரையைவிட்டுப் பிரியவும் கூடும். வெயிலைத் திருப்பும் வெள்ளிநிறப் பையிலிட்டுக் கட்டுவதும், நிறுத்துமிடத்தில் மரநிழலைத் தேடுவதும் பலகைக்கு ஆயுள் தரும். பை பெரிதாயின் காற்று அதனுள்ளே புகுந்து ஊதிவிடும். பலகைக்கு அளவான பையே வேண்டும்.

பின்னே வருவோர்

இத்துணைக் கவனம் ஒரு பலகைக்கு வேண்டுமா எனச் சிலர் வினவக்கூடும். பலகை உடைந்தாற் பணம் போகும், அது பெரிதன்று. 80 கிலோமீற்றர் வேகத்திலே கூரையை விட்டுக் கழன்ற பலகை, தெருவோரத்தில் நிற்பவர்மீது மோதினால் என்னாகும்? அவ்வேகம் 25 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பொருள் நிலத்தை அடையும் வேகத்துக்குச் சமம். நெடிய தென்னையொன்றின் உச்சியிலிருந்து, கூரிய நுனியுள்ள மூன்று கிலோப் பொருளொன்று தலையில் விழுவதை எண்ணிப் பாருங்கள். பின்னே மோட்டார்ச் சைக்கிளில் வரும் தந்தை, அவர் முன்னே அமர்ந்திருக்கும் குழந்தை, எதிர்த்திசையிலே பாடசாலை விட்டுச் சைக்கிளில் வரும் மாணவி ஆகிய இவர்களுக்கு எங்கள் கட்டின் தளர்ச்சி தெரியாது. தெரிந்தாலும் விலக நேரமிராது. தம் பலகை தளர்ந்ததென்று ஐயுற்ற சாரதி, வேகத்தை மெல்லக் குறைத்து இடப்புறத்திலே பாதுகாப்பாக நிறுத்த வேண்டும். யன்னல் வழியே கையை நீட்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவது பயனற்றது. 15 கிலோ விசையோடு இழுக்கும் காற்றை நீட்டிய கை நெடுநேரம் தடுக்காது.

அலைச்சறுக்கை விரும்பாதோருக்கும் இதிலே பாடமுண்டு. வீடு மாறும்போது மெத்தையைக் காரின் கூரையிலே வைத்து, இருபுறமும் இருவர் கைநீட்டிப் பிடித்துச் செல்லும் காட்சியை நாம் காணாததா? கூரைத் தகரமும் பிளாஸ்ரிக் கதிரையும் அவ்வாறே செல்கின்றன. இவை யாவும் பாரமற்றவை, அகன்றவை. ஆகவே யாவும் பட்டங்களே. நெல்மூடைக்கு ஒரு கட்டுப் போதுமாயினும் மெத்தைக்கு இரண்டு கட்டு வேண்டும்.

அலைமீது ஏறுபவர் தம் உயிரையே பணயம் வைக்கிறார். அது அவருடைய விருப்பம். தெருவிலோ அவர் பணயம் வைப்பது பிறர் உயிரை. பதறாத காரியம் சிதறாது. கடலைக் காணும் ஆவல் எத்துணையாயினும், கட்டை இழுத்துப் பார்க்கும் ஐந்து நிமிடத்துக்குள் அறுகம்குடாவின் அலைகள் ஓய்ந்துவிடப்போவதில்லை. ஆதலால் இலேசான பொருளென்று எண்ணிக் கட்டை இலேசாக்காதீர்கள்.